ஏலம் எடுத்தான்... காசு கட்டலை!

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

சுத்தியல் விழுந்ததும் கதை முடிஞ்சுதுன்னுதான் சினிமாவில் காட்டுவாங்க. சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 64-வது பிரிவு: சுத்தியல் விழும்வரை கேட்டவர் தன் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம், விழுந்துவிட்டால் விற்பனை முடிந்தது. ஆனால் எனக்கென்னவோ கதையே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது. எடுத்தவர் காசு கட்டணுமே!

மயிலாப்பூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம். பேப்பரில் வரும் பேங்க் ஏல விளம்பரங்களை ஒரு வரி விடாமல் படிப்பார். அடையாறில் ஃபிளாட், தி.நகரில் கடை... எதையும் வாங்கப் போவதில்லை, சும்மா படிப்பார் :-) ஒருநாள் அவர் கேட்டார்: "ஏன்டா, ஜாஸ்தி விலை கேட்டு எடுத்துட்டு, அப்புறம் கட்டாம விட்டா என்னடா பண்ணுவாங்க?" நான் பொட்டி தட்டுறவன், வக்கீல் இல்லை. ஆனாலும் கேள்வி மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. தோண்டத் தோண்ட விஷயம் இருநூறு வருஷம் பின்னாடி, அதுவும் நம்ம ஊர்ப் பக்கமே போய் நின்றது. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1802: ஊரையே ஏலம் விட்ட கதை

சென்னைப் பட்டணத்தைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனிக்கு ஒரு ஆசை: வருஷா வருஷம் அறுவடையைப் பார்த்துக் கணக்குப் போட்டு வரி வசூல் பண்ற தலைவலி வேண்டாம், நிலத்தை மொத்தமாக யாரிடமாவது கொடுத்துவிட்டு, நிலையான ஒரு தொகையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வங்காளத்தில் 1793-ல் இதைத்தான் செய்தார்கள். அங்கே ஏற்கெனவே ஜமீன்தார்கள் இருந்தார்கள். ஜாகீரில் அப்படி ஆள் இல்லை. என்ன செய்வது? ஜமீன்தாரை உற்பத்தி பண்ணிவிட வேண்டியதுதான்!

1802-ல் ஜாகீரைத் துண்டு துண்டாகப் பிரித்து, அதிக விலை கேட்டவர்களுக்கு ஏலம் விட்டார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் சேலம், திண்டுக்கல் பக்கமும் இதே வேலை நடந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் 'மிட்டா', எடுத்தவர் 'மிட்டாதார்'. ஒரு மிட்டா வருஷத்துக்கு ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் நட்சத்திர வராகன் வரை வருமானம் தரும் அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எடுத்தவர்களில் சென்னைப் பட்டணத்து துபாஷிகளும் உண்டு. வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு நடுவில் நின்று காசு பார்த்தவர்கள். கையில் பணம், மனசில் ஜமீன்தார் கனவு.

ஏலம் அமோகம். கட்ட வேண்டிய நேரத்தில்தான் வண்டவாளம் தெரிந்தது. ஏலத்தில் கொடுத்த விலை ஒரு பக்கம். வருஷா வருஷம் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் இன்னொரு பக்கம். அது விளைச்சலைப் பார்த்து ஏறி இறங்காது. மழை பொய்த்தாலும் அதே தொகைதான். மிட்டாதார்களில் பலருக்கு நாலு கெட்ட வருஷத்தைத் தாங்குகிற முதல் கிடையாது. பாக்கி விழுந்தது. பாக்கிக்காக மிட்டாவை ஜப்தி பண்ணி மறுபடி ஏலம். சில இடங்களில் கேட்பார் இல்லாமல் கம்பெனியிடமே திரும்பி வந்தது. 1812-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட புகழ்பெற்ற 'ஐந்தாவது அறிக்கை'யில் இந்த ஏலங்களின் விவரம் இருக்கிறது. பிற்பாடு தாமஸ் மன்றோ காலத்தில் ரயத்துவாரி முறை வேரூன்றியதற்கு இந்தத் தோல்வியும் ஒரு காரணம்.

சரி, இதில் அடிபட்டது யார்? கம்பெனியா? மிட்டாதாரா? இரண்டு பேருக்கும் நஷ்டம்தான். ஆனால் ஏலத்தில் வாயே திறக்காத ஒருத்தர் இருந்தார்: அந்த நிலத்தில் உழுத குடியானவர். வரியைக் கறக்க அவருடைய விளைச்சலையும் சாமான்களையும் ஜப்தி செய்யும் அதிகாரத்தை 1802-ஆம் வருஷ ரெகுலேஷன்களே மிட்டாதாருக்குக் கொடுத்திருந்தன. அளவுக்கு மீறி ஏலம் கேட்டவர், அந்தக் காசை எங்கே போய்த் தேடுவார்? கீழேதான்.

இந்த மூணாவது ஆளை ஞாபகம் வைச்சுக்கோங்க. திரும்பத் திரும்ப வருவார்.

15, 25: சட்டம் கற்ற பாடம்

1864-ல் சென்னை மாகாணத்துக்கு வருவாய் வசூல் சட்டம் ஒன்று வந்தது. வரி பாக்கிக்காக நிலத்தை ஏலம் விட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதன் 36-வது பிரிவு சொல்கிறது. எடுத்தவர் அங்கேயே, அப்போதே 15 சதவீதம் கட்ட வேண்டும். மீதி 30 நாளில். கட்டாவிட்டால் 15 சதவீதம் பறிபோகும் நிலைமை. அதோடு நிலம் மறு ஏலத்துக்குப் போகும். முதல் தடவையைவிடக் குறைவாகப் போனால், அந்த நஷ்டத்தையும் செலவையும் முதலில் எடுத்துக் கைவிட்டவரிடமிருந்து வரி பாக்கி மாதிரியே வசூலிக்கலாம். அதிகமாகப் போனால்? அந்த லாபம் அவருக்கு இல்லை. யாருடைய நிலத்தை விற்றார்களோ அவருக்கு!

இதைப் படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். இரண்டே வரியில் எவ்வளவு சுத்தமான லாஜிக்! நஷ்டம் வந்தால் வாய் கொடுத்தவன் தலையில். லாபம் வந்தால் நிலத்தை இழந்தவன் கையில். அந்த மூணாவது ஆளைச் சட்டம் இங்கே கண்ணால் பார்த்துவிட்டது.

சிவில் கோர்ட் ஏலங்களுக்கு 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம். 21-வது ஆணை, 84 முதல் 86 வரையிலான விதிகள். இங்கே முன்பணம் 25 சதவீதம், அதுவும் உடனே. மீதி 15 நாளில். தவறினால் மறு ஏலம். மறு ஏலத்தில் விலை குறைந்தால் வித்தியாசத்தை முதல் ஆள் கொடுக்க வேண்டும் என்கிறது 71-வது விதி. 1954-ல் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளைக் கட்டாயம் என்றே சொல்லிவிட்டது. குறித்த நேரத்தில் பணம் வரவில்லையா, அப்படி ஒரு விற்பனையே நடக்கவில்லை என்று அர்த்தம்.

எங்க பாஷையில் சொன்னால் டேட்டாபேஸ் லாக் மாதிரி. முதலில் லாக் போடு, அப்புறம் கமிட் பண்ணு. லாக் போடாதவன் வார்த்தைக்கு மதிப்பில்லை. 'நல்லவரா கெட்டவரா' என்று சட்டம் யாரையும் கேட்கவே இல்லை பாருங்க.

சீட்டு: தலைகீழ் ஏலம்

இப்போது நம்ம வீட்டுக்கே வருவோம். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் ஏலச்சீட்டு தெரியாத குடும்பம் உண்டா? 20 பேர், மாசம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். மூணாவது மாசம் ஒருத்தருக்கு அவசரம். 25,000 தள்ளி 75,000-க்கு எடுக்கிறார். தள்ளியதில் நடத்துபவர் கமிஷன் 5,000 போக, 20,000-ஐ ஆளுக்கு ஆயிரமாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

கவனிச்சீங்களா? இங்கே ஏலம் எடுத்தவர் முதலில் பணத்தை வாங்கிக்கொள்கிறார். கட்டுவது அப்புறம். இன்னும் 17 மாசம் பாக்கி இருக்கிறது! அவர் நாலாவது மாசம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனால், கடைசி மாசம் வரை பொறுமையாக, பெண் கல்யாணத்துக்கென்று காத்திருந்தவர் கதி அதோகதி. மறுபடியும் மூணாவது ஆள்.

அதனால்தான் 'சீட்டு எடுக்கணும்னா ஜாமீன் கொண்டா' என்கிறார்கள். தமிழ்நாட்டுச் சீட்டு நிதிச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாடு முழுமைக்குமானது 1982-ல் வந்தது. எடுத்தவர் பணத்தை வாங்குமுன் மீதித் தவணைகளுக்குப் போதிய பிணை கொடுத்தாக வேண்டும். தவணை தவறினால் எதிர்காலத் தவணைகள் அத்தனையையும் ஒரே மூச்சில் கேட்கலாம். பதிவு செய்யாத தெருச் சீட்டில் இதெல்லாம் கிடையாது. அங்கே இருப்பது 'நம்ம மாமிதானே' என்கிற நம்பிக்கை மட்டும்.

ஒரு க்ளிக், ஒரு வாக்கு

இந்த அனுபவத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்ததுதான் இணைய ஏலம். 1995-ல் பியர் ஒமிட்யார் தொடங்கிய தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. முன்பணம் கிடையாது, கேட்பதற்கு ஒரு க்ளிக் போதும். கூட்டம் சேர அதுதான் காரணம், கட்டாதவர்கள் சேரவும் அதுதான் காரணம். முன்பணத்துக்குப் பதிலாக அவர்கள் பிடித்தது நற்பெயரை. 1996-ல் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறை வந்தது. ஆனால் விற்பவர் வாங்குபவருக்கு மோசமான மதிப்பெண் போட்டால், அவர் பதிலுக்குப் பழி தீர்ப்பார். சண்டை முற்றிப்போய் 2008-ல் 'விற்பவர் இனி வாங்குபவரைக் குறை சொல்ல முடியாது' என்று மாற்றிவிட்டார்கள். விற்பவர்கள் கொதித்துப் போனார்கள்.

நம்ம நாட்டில் பாஸி டாட் காம் 2000-த்தில் வந்தது. 2004-ல் சுமார் 5 கோடி டாலருக்கு ஈபே அதை வாங்கியது. இங்கே பைசாபே என்று ஒரு ஏற்பாடு: வாங்குபவர் பணம் நடுவில் நிற்கும், பொருள் போய்ச் சேர்ந்த பிறகுதான் விற்பவருக்குப் போகும். இது 'காசு வாங்கிட்டு பொருள் அனுப்பாதவன்' பிரச்சினைக்கு நல்ல மருந்து. ஏலம் எடுத்துவிட்டுக் காணாமல் போகிறவனுக்கு? மருந்தில்லை. அவன் காசே உள்ளே வரவில்லையே! ஈபே இந்தியா 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

இங்கே மூணாவது ஆள் யார் தெரியுமா? இரண்டாவதாக நின்றவர். நியாயமான விலை சொல்லி, நிஜமாகவே காசு வைத்திருந்து, பொய்யான ஒரு எண்ணிடம் தோற்றவர். விற்பவர் திரும்பி வந்து கூப்பிடும்போது அவர் வேறு எங்கோ வாங்கி முடித்திருப்பார்.

மூன்று கோடி ரூபாய்க் கேள்வி

சித்தப்பா கேட்டதற்கு நேரடி பதில் 2024 பிப்ரவரி 2 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கு. 2016-ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா, கடன் பாக்கிக்காக ஒரு சொத்தை மின்-ஏலம் விட்டது. ஒருவர் 12.27 கோடி ரூபாய்க்கு எடுத்தார். விதிப்படி 25 சதவீதம், சுமார் 3.06 கோடி கட்டினார். மீதி வரவில்லை. அந்த வருஷ நவம்பரில் பணமதிப்பிழப்பு. காசு புரட்ட முடியவில்லை என்றார். பேங்க் 3.06 கோடியையும் எடுத்துக்கொண்டு, சொத்தை மறுபடி ஏலம் விட்டது. முதலில் போனதைவிட அதிக விலைக்கே போனது.

பேங்குக்குத்தான் நஷ்டமே இல்லையே, பிறகு எதற்கு 3 கோடி? 55 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இது சாதாரண ஒப்பந்த மீறல் இல்லை, நஷ்டத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க. சட்ட விதியே முழுத்தொகையும் போகும் என்கிறது. போகாது என்று தெரிந்தால், வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் வந்து வாய்க்கு வந்த விலையைக் கேட்டு ஏலத்தைக் கெடுப்பார்கள்.

எனக்கு இதில் இரண்டு மனசு. 3 கோடி என்பது ஒரு ஆயுசு சம்பாத்தியம். கெட்ட எண்ணம் இல்லாமல், கெட்ட நேரத்தால் மாட்டியவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்தச் சொத்தின் பழைய சொந்தக்காரரை யோசித்துப் பாருங்கள். எடுத்தவர் இழுத்தடிக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய கடனுக்கு வட்டி மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அவரைக் கேட்டு யாரும் ஏலத்தில் விலை சொல்லவில்லை. அதனால் தீர்ப்பு சரி என்றே படுகிறது. ஒரே ஒரு குறை: மறு ஏலத்தில் கிடைத்த அதிகத்தை நிலத்துக்காரருக்கு என்று 1864-லேயே ஒரு வரியில் எழுதி வைத்தார்களே, அந்தத் தெளிவு பறிமுதலான முன்பணத்துக்கும் இருந்தால் நன்றாக இருக்கும். அது முதலில் அவருடைய கடனில் கழிய வேண்டும்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்போ கேக்கறதுக்கு முன்னாடி காசை எண்ணிப் பார்த்துக்கணும்ங்கற" என்றார். அவ்வளவேதான். நீங்கள் விற்பவராக இருந்தால், அது பழைய கேமராவோ தாத்தா காலத்து ஊஞ்சலோ, கொஞ்சமாவது முன்பணம் வாங்குங்கள், கெடு தேதியை எழுதி வையுங்கள், இரண்டாவதாகக் கேட்டவர் போன் நம்பரைத் தொலைக்காதீர்கள். எடுப்பவராக இருந்தால், பட்டனை அழுத்துமுன் ஒரு நிமிஷம் அந்த மூணாவது ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் வாயால் சொன்ன விலைக்கும் யாரோ ஒருத்தர் காசு கட்டத்தான் செய்கிறார். பெரும்பாலும், ஏலத்துக்கே வராத ஒருத்தர்.