களத்தில் ஒதுக்கிய ஏரிப் பங்கு

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கும் செங்கற்பட்டுச் சீமையில், ஒரு சிற்றூரின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர் முதலில் கோயிலுக்கோ கர்ணத்தின் வீட்டுக்கோ போக வேண்டியதில்லை. பிறைபோல் வளைந்த ஏரிக்கரைமீது ஏறி நின்றாலே போதும். நிலத்தின் மேட்டுப்புறத்தைத் திறந்துவிட்டுப் பள்ளப்புறத்தை மட்டும் மண்கரையால் அணைத்து, ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கி, மதகு வழியே வயலுக்குப் பாய்ச்சி, மிஞ்சிய வெள்ளத்தைக் கலங்கல் வழியே அடுத்த ஊர் ஏரிக்கு அனுப்பும் இந்த ஏற்பாட்டை, இத்தனை நூற்றாண்டுகளாக யார் எவ்வாறு காத்து வந்தனர் என்பதே அவ்வூரின் உண்மைச் சரித்திரம் என்பது என் கருத்து.

அச்சீமையிலுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட சாசனங்கள் குடவோலை முறைக்காகப் பெரிதும் போற்றப்படுகின்றன. ஆனால் அவற்றில் என் மனத்தைக் கவர்வது, ஊராட்சிக்குரிய வாரியங்களுள் ஏரி வாரியம் என்று ஒன்று தனியே வகுக்கப்பட்டு, அதற்கு ஆறு பேர் 360 நாள் பொறுப்பேற்றார்கள் என்னும் செய்தியே. பல்லவர் காலத்து வைரமேக தடாகம் என்னும் ஏரியே அவ்வூரின் ஜீவாதாரமாக இருந்தது.

சிற்றூர்களிலோ இப்பொறுப்பு நெற்களத்திலேயே தொடங்கிற்று. ஆற்காட்டு நவாப்பிடமிருந்து 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்ற இந்தச் சீமையை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் எஞ்சினீயர் அளந்தபோது தொகுத்த கணக்குகளும், ஊர்க்கணக்கர் எழுதிவைத்த ஓலைகளும் காட்டுவது இதுதான்: சூடடித்துக் குவித்த பொலி, அரசுக்கென்றும் குடிகளுக்கென்றும் பிரிவதற்கு முன்பே, கோயிலுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் தலையாரிக்கும் நீர்பாய்ச்சுகிறவனுக்கும் மேரை என்று ஒதுக்கப்பட்டது; ஏரிக்கும் அவ்வாறே ஒரு பங்கு இருந்தது. ஏரியும் ஊர்க்குடிகளுள் ஒருவரைப்போல் களத்துக்கு வந்து தன் கூலியை வாங்கிச் சென்றது என்றே சொல்லலாம்.

ரயத்துவாரி முறை வேரூன்றித் தீர்வை ரொக்கமாகவும், ஒவ்வொருவர் பட்டாவின் பேரிலும் வசூலிக்கப்பட்ட பின்னர், பொதுக்குவியல் என்பதே மறைந்தது. பொதுக்குவியல் மறையவே ஏரியின் பங்கும் மறைந்தது. ஏரி சர்க்கார் சொத்தாயிற்று. கரை உடைந்தால் மனுப் போட்டுக் காத்திருக்கும் வழக்கம் அப்போதுதான் பிறந்தது. ஊரார் கூடித் தூர் வாரும் குடிமராமத்து தளர்ந்துவிட்டதைக் கண்ட சர்க்கார், 1858-இல் ஒரு சட்டம் இயற்றி, வழக்கப்படி தன் பங்கு உழைப்பைத் தர மறுப்பவன் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்று விதித்தது. முன்பு களத்து நெல்லால் நடந்த காரியத்துக்குத் தண்டனை வேண்டியதாயிற்று.

ஆயினும் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாட என் மனம் ஒப்பவில்லை. உத்தரமேரூரில் இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவரே பொதுவாக வாரியத்துக்குப் பெயரிடத் தகுந்தவர். சித்திரை வெயிலில், வற்றிய ஏரியின் வெடித்த தரையில் இறங்கி, வண்டலை வெட்டிக் கூடையில் சுமந்து பிறர் வயலுக்கு உரமாகவும் ஏரிக்கரைமீதும் கொட்டியவருள் மிகப் பலர் அரைக்காணியும் அற்றவர். அவர்கள் பெயர் எந்தச் சாசனத்திலும் இல்லை. அவர்கள் கொட்டிய மண்தான் இன்றும் கரையாக நிற்கிறது.