ஆயந்தே முகாம்

ஆயந்தே முகாம் அமெரிக்காவில் வாழும் ஈரானிய வம்சாவளி உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான கோடைக்கால முகாம். 'ஆயந்தே' என்னும் பாரசீகச் சொல்லுக்கு 'எதிர்காலம்' என்று பொருள். இளம் ஈரானிய-அமெரிக்கர்கள் 2003-ல் தொடங்கிய 'ஈரானியன் அலையன்சஸ் அக்ராஸ் பார்டர்ஸ்' என்ற அமைப்பு 2006-ல் இம்முகாமைத் தொடங்கியது. பண்பாட்டுக் கல்வியும் தலைமைப் பண்புப் பயிற்சியும் இதன் நோக்கங்கள்.

பின்னணி

1970-களில் ஈரானிலிருந்து ஏராளமான மாணவர்கள் உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றனர். அப்பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பயின்ற வெளிநாட்டு மாணவர்களில் ஈரானியரே அதிகம். 1979-ல் நிகழ்ந்த ஈரானியப் புரட்சிக்குப் பின் அவர்களில் பலர் நாடு திரும்பவில்லை. புரட்சியும், 1980 முதல் 1988 வரை நீடித்த ஈரான்-ஈராக் போரும் மேலும் பல குடும்பங்களை வெளியேறச் செய்தன. இவர்களில் முஸ்லிம்கள், யூதர்கள், பஹாய்கள், ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள், சொராஸ்டிரியர்கள் எனப் பல சமயத்தினரும், மன்னராட்சியை ஆதரித்தவர்கள் முதல் இடதுசாரிகள் வரை பல அரசியல் தரப்பினரும் இருந்தனர். லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் பெருந்தொகையினர் குடியேறியதால் அந்நகருக்குத் 'தெஹ்ராஞ்சலீஸ்' என்ற பட்டப்பெயர் உருவானது.

நவம்பர் 4, 1979 அன்று தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தனர். அமெரிக்காவிலிருந்த ஈரானிய மாணவர்கள் அனைவரும் குடிவரவுத் துறையிடம் நேரில் சென்று பதிவு செய்ய வேண்டும் என்று அதே மாதம் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஆணையிட்டார். தாங்கள் ஏற்காத ஓர் ஆட்சியின் செயலுக்காகப் பலர் பழி சுமந்தனர். 'ஈரானியர்' என்பதைத் தவிர்த்துத் தங்களைப் 'பாரசீகர்' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் பரவியது. வீட்டில் ஒரு பெயரும் வெளியில் எளிய ஆங்கிலப் பெயருமாக வாழ்ந்தவர்களும் உண்டு.

அடுத்த தலைமுறை அமெரிக்காவிலேயே வளர்ந்தது. ஆனால் சூழலின் கடுமை குறையவில்லை. 1991-ல் வெளிவந்த 'நாட் விதவுட் மை டாட்டர்' திரைப்படம் ஈரானியக் குடும்பத்தைக் கொடுமையின் இடமாகக் காட்டியது. ஜனவரி 2002-ல் அதிபர் ஜார்ஜ் புஷ் ஈரானைத் 'தீமையின் அச்சு' நாடுகளில் ஒன்றாக அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில், அரசின் சிறப்புப் பதிவுத் திட்டத்தின்படித் தாமாகவே பதிவு செய்யச் சென்ற ஈரானிய ஆண்கள் நூற்றுக்கணக்கில் தெற்கு கலிஃபோர்னியாவில் தடுத்து வைக்கப்பட்டனர்.

தோற்றம்

பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் முகாமுக்கு அனுப்புவது அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் வழக்கம். குடியேறிய சமூகங்கள் தம் மொழியையும் மரபையும் இளையோரிடம் சேர்க்க இதைப் பயன்படுத்திக்கொண்டன. யூத சமூகத்துக்குப் பல முகாம்கள் உள்ளன. ஆர்மீனியர்கள் மாசசூசெட்ஸில் 1951 முதல் 'ஹயஸ்தான்' முகாமை நடத்துகின்றனர். ஆயந்தே முகாமும் இவ்வழியில் வந்தது.

முகாமைப் பெற்றோர் தலைமுறை நடத்தவில்லை. பதின்பருவத்தை அண்மையில் கடந்த, அதே அனுபவங்களைக் கொண்ட இளைஞர்கள் வழிகாட்டிகளாக இருந்தனர். சமூகத்துக்குள் இருந்த சமய, அரசியல் பிளவுகள் காரணமாக முகாம் சமயச் சார்போ கட்சிச் சார்போ இன்றி அமைந்தது.

செயல்பாடுகள்

மாணவர்கள் பல்கலைக்கழக வளாகங்களில் தங்கிப் பயிற்சி பெற்றனர். பாரசீக மொழி, கவிதை, நடனம், ஈரானிய வரலாறு, குழு விவாதம், தலைமைப் பயிற்சி ஆகியவை நிகழ்ச்சிகளில் அடங்கின. வீட்டில் பாரசீகம் கேட்டு வளர்ந்தும் அதை எழுதப் படிக்க அறியாத பிள்ளைகள் இத்தலைமுறையில் பலர். தன் பெயரைப் பிழையின்றி உச்சரிக்கும் ஒரு கூட்டத்தில் இருப்பதே அவர்களில் சிலருக்குப் புதிய அனுபவம்.

இன அடையாளம் குறித்த விவாதம்

அமெரிக்க அரசின் 1977-ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி மத்திய கிழக்கு நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டோர் 'வெள்ளையர்'. பள்ளியிலும் விமான நிலையத்திலும் ஈரானியப் பிள்ளைகள் அவ்வாறு நடத்தப்படுவதில்லை. சமூகவியலாளர் நேடா மக்பூலே 2017-ல் வெளியிட்ட 'தி லிமிட்ஸ் ஆஃப் வைட்னஸ்' என்ற நூலில் இம்முரண்பாட்டை ஆராய்ந்தார். கோடைக்கால முகாம் பற்றி அதில் தனி அத்தியாயம் உள்ளது. தாங்கள் வெள்ளையர் என்று பெற்றோர் பலர் நம்பினர். பிள்ளைகளோ தங்கள் அனுபவத்தைக் கொண்டு அதை மறுத்தனர். அந்த மறுப்பை ஒருவரோடொருவர் வெளிப்படையாகப் பேச முகாம் இடமளித்தது. மார்ச் 2024-ல் அமெரிக்க அரசு 'மத்திய கிழக்கு அல்லது வட ஆப்பிரிக்கர்' என்ற தனிப்பிரிவை வகைப்பாட்டில் சேர்த்தது.

முக்கியத்துவம்

புலம்பெயர்ந்த முதல் தலைமுறைக்கு ஈரான் இழந்த நாடு. அவர்களின் நினைவில் அது புரட்சிக்கு முந்தைய ஈரானாகவே நின்றது. அந்நாட்டில் வாழ்ந்திராத பிள்ளைகளுக்கு அந்த ஏக்கத்தை அப்படியே கையளிக்க முடியாது. ஈரானியராக இருப்பது மறைக்கவேண்டிய ஒன்றல்ல என்பதை, அமெரிக்கர்களாகவே இருந்துகொண்டு அவர்கள் கண்டடைய ஆயந்தே முகாம் களம் அமைத்தது. கடந்த காலத்தைக் குறிக்காமல் எதிர்காலத்தைக் குறிக்கும் பெயரை அது ஏற்றதும் இந்நோக்குக்குப் பொருத்தமானது.