நூல் வரிசையிலிருந்து ஒற்றைப் பாடவேளை வரை: அமெரிக்கச் சமூக அறிவியல் வகுப்பறையும் ஆசிரியர் பயிற்சியும்

அமெரிக்கப் பள்ளிகளில் ‘சமூக அறிவியல்’ தனியொரு பாடமாக நிலைபெற்று நூறாண்டு கடந்துவிட்டது. வரலாறு, புவியியல், குடிமையியல் ஆகியவற்றை ஒரே குடைக்கீழ் கொண்டுவரும் பரிந்துரையைத் தேசியக் கல்விச் சங்கம் அமைத்த குழு 1916இல் வெளியிட்டது. 1921இல் இப்பாட ஆசிரியர்களுக்கெனத் தேசியப் பேரவை தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை ஆசிரியர் கைக்கு வந்துசேர்ந்த பாடப்பொருளின் அளவு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் பல ஆண்டுகளுக்கான நூல் வரிசை, பிறகு ஓராண்டுக்கான கருவித் தொகுப்பு, இப்போது ஒரு பாடவேளைக்கான சில தாள்கள். இந்தச் சுருக்கத்துக்கு அரசியல் எதிர்ப்பே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆசிரியரின் பணியிடைப் பயிற்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்ற கேள்விக்கும் இதில் சம பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

நூல் வரிசையின் காலம் ஹெரால்ட் ரக் என்பவருடையது. கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டுக் கல்வித்துறைக்கு வந்தவர் அவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்தபடி 1920களில் சிறு பாடக் கையேடுகளை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பிச் சோதித்தார். சோதித்துத் திருத்தியவை 1929 முதல் நூல்களாக வெளிவந்து நாடெங்கும் பரவின. விளம்பரத் தொழிலையும் தனியார் வணிகத்தையும் அவை கேள்விக்குள்ளாக்கியதால் வணிக அமைப்புகளும் முன்னாள் படைவீரர் சங்கமும் 1930களின் இறுதியில் திரண்டு எதிர்த்தன. சில ஆண்டுகளிலேயே அந்நூல்கள் வகுப்பறையை விட்டு வெளியேறின.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் கல்விக்கு அரசுப் பணம் பாய்ந்தது. 1958இன் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அறிவியல், கணிதம், அயல்மொழிகளையே முன்னிறுத்தியது. வரலாற்று, புவியியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலையங்கள் 1964ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்பே வந்தன. அங்கு கோடையில் பயில வந்த ஆசிரியருக்கு வாரம் 75 டாலர் உதவித்தொகை கிடைத்தது. அவரை நம்பியிருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மேற்கொண்டு 15 டாலர். ஆசிரியரின் படிப்பை அவருடைய ஓய்வு நேரத்துப் பொறுப்பாகத் தள்ளிவிடாமல் ஊதியத்துக்குரிய வேலையாகவே அரசு மதித்த காலம் அது. அந்த மதிப்பு நீடிக்கவில்லை என்பது இந்த வரலாற்றின் பெரிய இழப்பு.

அக்காலத்தின் துணிச்சலான முயற்சி ‘மனிதன்: ஒரு பாடநெறி’. உளவியலாளர் ஜெரோம் புரூனர் தலைமையில், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இது உருவானது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கானது. பாடநூல் என்று ஒன்று கிடையாது. சிறு ஏடுகள், திரைப்படங்கள், விளையாட்டுகள், வரைபடங்கள் உண்டு. குழந்தைகள் முதலில் சால்மன் மீனைப் பார்ப்பார்கள். அது முட்டையிட்டுவிட்டு, தன் குஞ்சின் முகம் பார்க்காமலே செத்துப்போகிறது. அடுத்து, குஞ்சுக்கு இரையூட்டும் கடற்காகம். அதன்பின் கூட்டமாக வாழும் பபூன் குரங்குகள். கடைசியில் வடகனடாவின் பனிநிலத்தில் பெல்லி வளைகுடாவில் வாழும் நெட்சிலிக் இன்யூட் மக்கள். இவர்களை மானிடவியலாளர் ஆசன் பலிக்சி 1960களில் படமெடுத்திருந்தார்.

அந்தப் படங்களில் விளக்கவுரை இல்லை. காற்றின் இரைச்சலும், நாய்களின் குரைப்பும், அம்மக்கள் தம் மொழியில் பேசிக்கொள்வதும்தான் கேட்கும். தந்தை பனிக்கட்டிகளை அறுத்து வீடு கட்டுவார். மகன் பக்கத்தில் நின்று பார்ப்பான். அவன் என்ன கற்கிறான் என்பதைப் படம் சொல்லாது. பத்து வயதுக் குழந்தைகள்தாம் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். கேள்விக்கு விடை சொல்லியே பழகிய ஆசிரியர் இங்கே விடையை அடக்கிவைத்துக்கொண்டு வகுப்பை நடத்தியாக வேண்டும். கையேட்டைப் படித்து மட்டும் வந்துவிடுகிற திறன் அன்று இது. ஆகவே 1970இல் தொகுப்பு விற்பனைக்கு வந்தபோது, வாங்கும் பள்ளி தன் ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. பல்கலைக்கழகங்களில் வட்டார மையங்கள் அமைந்தன; செலவின் பெரும்பங்கை அறக்கட்டளை ஏற்றது. 1970களின் நடுவில் 47 மாநிலங்களில் ஏறத்தாழ 1,700 பள்ளிகளில் இது நடந்துகொண்டிருந்தது.

எதிர்ப்பும் வந்தது. பஞ்ச காலத்தில் முதியவரைப் பனியில் விட்டுச்செல்லும் வழக்கமும் சிசுக்கொலையும் குழந்தைகளுக்குச் சொல்லத் தக்கவையா என்று பெற்றோர் கேட்டனர். அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1975இல் அரிசோனா உறுப்பினர் ஜான் கான்லன் கொண்டுவந்த தடைத் திருத்தம் கீழவையில் சொற்ப வாக்குகளில் தோற்றது. ஆனாலும் அறக்கட்டளை நிதியை நிறுத்திக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில அரசு 1978இல் தன் பள்ளிகளிலிருந்தே இதை விலக்கியது. அமெரிக்காவில் அப்படியொரு தடை எதுவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொகுப்புகள் பள்ளி அலமாரிகளிலேயே இருந்தன. நின்றுபோனது பயிற்சிக்கான பணம். பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனால், அடுத்து வருபவருக்கு விளக்கவுரையில்லாத அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. பாடநெறி தளர்ந்ததற்கு இதுவே நேரடிக் காரணம் என்று கருதுகிறேன்.

அடுத்த திருப்பம் 1991இல் கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த 1775இன் லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களை 8 வரலாற்றாய்வாளர்களிடமும் 8 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் அவர் கொடுத்தார். ஆய்வாளர்கள் எழுதியவர் யார் என்பதை முதலில் பார்த்தார்கள். மாணவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே போனார்கள். ஆய்வாளர்களின் அந்தப் பழக்கத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர, பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் அவருடைய குழு சிறு பாடங்களை எழுதியது. ஒன்றைப் பார்ப்போம்: போகஹான்டஸ் என்ற பழங்குடிச் சிறுமி ஆங்கிலேயக் குடியேறி ஜான் ஸ்மித்தின் உயிரைக் காப்பாற்றினாளா? ஸ்மித் 1608இல் எழுதிய பதிவில் அப்படியொரு நிகழ்ச்சியே இல்லை. 1624இல் எழுதியதில் தலையைக் கல்லில் வைத்த கணத்தில் அவள் வந்து காக்கிறாள். இடையில் 1617இல் அவள் இறந்துவிட்டாள். இரண்டு பகுதிகளையும் அருகருகே வைத்து மாணவர் வாதிட வேண்டும். எல்லாம் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். பள்ளியின் பாடநூலை மாற்ற வேண்டியதில்லை, எந்த மன்றத்தின் ஒப்புதலும் தேவைப்படுவதில்லை.

ரக்கும் புரூனரும் இழந்த இடத்தில் இந்தச் சிறு பாடங்கள் நுழைந்ததற்கு அவற்றின் அளவே காரணம். சான்பிரான்சிஸ்கோ உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த சோதனை 2012இல் வெளியானது. இப்பாடங்களைக் கற்ற மாணவர்கள் வரலாற்றுச் சிந்தனையோடு தகவல் அறிவிலும் முன்னேறியிருந்தனர். அங்கே ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி தரப்பட்டிருந்தது. இப்போது அதே பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கலாம். பயிற்சியை அப்படி இறக்கிக்கொள்ள வழியில்லை. சோதனையில் கிடைத்த வெற்றி பாடத்துக்கும் பயிற்சிக்கும் சேர்த்துக் கிடைத்தது. அதைப் பாடத்தின் கணக்கில் மட்டும் எழுதிக்கொண்டு பயிற்சி நாட்களுக்கான செலவைப் பள்ளி மாவட்டங்கள் குறைத்தால், 1975க்குப் பின் நடந்தது சிறிய அளவில், ஒவ்வொரு வகுப்பாக, மீண்டும் நடக்கும். இம்முறை தடைத் தீர்மானமும் விவாதமும் இருக்காது என்பதால் அதைக் கண்டுகொள்வதும் கடினம்.