வாசலில் பூத்த அயலூர்க்காரி

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு தமிழ்நாட்டில் பிரசித்தமானது. புத்தூரில் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்த சுந்தரரை ஒரு கிழவர் தடுத்து, "நீ எனக்கு அடிமை" என்று வல்வழக்குப் பேசினார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கூடியது. வாய்ப்பேச்சை நம்பாமல் ஓலையைக் கேட்டது. ஓலையில் கண்ட எழுத்தைச் சுந்தரருடைய பாட்டனார் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சபை இன்று மறுபடி கூடி, அதே ஊர் வாசல்களில் முதல் மழைக்குப் பின் பூத்து நிற்கும் ஒரு சின்னப் பூவைக் கூப்பிட்டு, "நீ எந்த ஊர், அம்மா?" என்று விசாரித்தால் எப்படியிருக்கும்? ஓலை ஏராளமாகக் கிடைக்கும். வழக்குத்தான் எளிதில் தீராது.

மழை லில்லியைத்தான் சொல்கிறேன். கோடை முழுதும் புல்லா பூண்டா என்று தெரியாமல் கிடக்கும். சில சமயம் இலைகூட இராது. ஒரு நல்ல மழை விழுந்து மூன்று நாளோ ஐந்து நாளோ ஆனதும், பென்சில் பருமன்கூட இல்லாத தண்டின் நுனியில் ஆறு இதழோடு ரோஜா நிறத்திலோ வெள்ளையிலோ மஞ்சளிலோ விரிந்து நிற்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், அப்புறம் வாடிவிடும். நம் வீட்டுப் பெண்கள் இதைத் தொன்றுதொட்டு நம் மண்ணில் இருந்த பூ என்றே நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதற்கு நியாயமும் உண்டு. இதன் தாயாதி ஒன்று உண்மையிலேயே நம் மண்ணுக்குச் சொந்தமானது. விஷமூங்கில் என்று வைத்தியர்கள் சொல்வார்களே, வாழைபோல் தடித்த இலையும் இரவில் மணக்கும் வெள்ளைப் பூங்கொத்தும் உள்ளது, அதுதான். அந்தக் குலத்துக்குக் கிரினம் என்று பெயர். டச்சுக்காரர்கள் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகமாக வெளியிட்ட 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்ற பெரிய நூலில், மலையாளத்து வைத்தியர்கள் சொன்ன பொளத்தாளி என்ற பெயரோடு அது படமாகவே இருக்கிறது. ஆற்றங்கரைச் சேற்றிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் கிரினங்களும் உண்டு.

மழை லில்லியோ அமெரிக்காக்காரி. வெள்ளைப் பூ தென் அமெரிக்காவில் லா பிளாட்டா நதிப் பக்கத்தைச் சேர்ந்தது. பெரிய ரோஜா நிறப் பூவும் மஞ்சள் பூவும் மெக்ஸிகோ பக்கத்தைச் சேர்ந்தவை. இக்கூட்டத்துக்கு ஸெஃபிராந்தஸ் என்று 1821-ல் பெயர் வைத்தவர் வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயர். பிரபு வீட்டுப் பிள்ளை, வக்கீல், பார்லிமெண்டு மெம்பர், பிறகு பாதிரியார். இத்தனை வேஷமும் போட்டவர் மனசு முழுவதும் கிழங்குச் செடிகளிலேயே இருந்தது. மேல்காற்றுப் பூ என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். மேற்குத் திசையிலிருந்து வந்த பூ அல்லவா? நம்மைக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம். மேல்காற்று நமக்குக் கோடை, உடம்பை வறுத்தெடுக்கும். மழை கொண்டுவரும் கீழ்காற்றைத்தான் கொண்டல் என்கிறோம். கொண்டல் பூ என்றிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

ஹெர்பர்ட் பெயர் வைப்பதோடு நிற்கவில்லை. ஒரு ஜாதிப் பூவின் மகரந்தத்தை இன்னொரு ஜாதிப் பூவில் வைத்துக் கலப்புச் செய்தார். கலப்பில் பிறப்பது மலடாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும் என்று பண்டிதர்கள் பலர் சாதித்த காலம் அது. இந்தப் பாதிரியார் தம் தோட்டத்தைக் காட்டி அதை மறுத்தார். 1837-ல் இக்குடும்பத்தைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு பெரிய நூலே எழுதினார். ஒரு கிரினத்தின் காயில் வேற்றுஜாதி மகரந்தத்தால் சூல் அத்தனையும் செடியாயிற்று என்று அவர் கண்டதை, 1859-ல் டார்வின் தம் புகழ்பெற்ற புத்தகத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். விஷமூங்கிலின் பங்காளி ஒன்று அந்த மகா வாதத்தில் சாட்சிக் கூண்டு ஏறியது என்றால் நம் ஊர்க்காரர்கள் நம்புவார்களோ என்னவோ!

கிரினங்களைத் தேடித் திரிந்த ஹெர்பர்ட் அவற்றில் ஒன்றுக்குக் கேரி என்பவர் பெயரை வைத்தார். வங்காளத்தில் ஸ்ரீராம்பூரில் இருந்த மிஷனரி வில்லியம் கேரிதான் அவர். ஆதியில் செருப்புத் தைத்தவர். ஊழியத்துக்கு நடுவே தோட்டத்தை உயிராக வளர்த்தார். 1823-ல் வெள்ளம் வந்து தோட்டத்தை அழித்தது, மறுபடியும் போட்டார். இங்கிலாந்திலிருந்து விதை வந்த பையை ஒரு மூலையில் உதறினாராம். அந்த மண்ணிலிருந்து, அழைக்காத விருந்தாளியாக, அவர் தாய்நாட்டு டெய்ஸிப் பூ முளைத்ததாம். செடிகள் கடல் தாண்டும் விதத்தில் இதுவும் ஒன்று. கேரி 1820-ல் கல்கத்தாவில் விவசாய, தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். சென்னையிலும் 1835-ல் அப்படி ஒரு சங்கம் ஏற்பட்டது.

அந்தக் கல்கத்தா சங்கத்தில்தான் பின்னாளில் மழை லில்லிக்கு ஒரு கல்யாணம் நடந்தது. அலிப்பூர்த் தோட்டத்தில் ஸிட்னி பெர்ஸி-லங்காஸ்டர் என்பவர், அந்தியில் மலர்ந்து மணக்கும் கூப்பரியா என்ற அமெரிக்கப் பூவையும், பகலில் மலரும் ஸெஃபிராந்தஸையும் கலந்து புதுப் பூக்களை உண்டாக்கினார். இரண்டு வேறு குலத்துச் சம்பந்தம் என்று கருதி, 1910-களில் அதற்குக் கூப்பராந்தஸ் என்று கலப்புப் பெயர் கிடைத்தது. பிற்காலப் பண்டிதர்கள் கூப்பரியா என்று தனிக் குலமே இல்லை, அதுவும் ஸெஃபிராந்தஸ்தான் என்று தீர்த்துவிட்டார்கள். 2019-ல் மரபணுவைச் சோதித்து, ஹாப்ராந்தஸ் என்று தனிக்குடித்தனம் நடத்தியவற்றையும் அதே வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊரறிய நடந்த கலப்பு மணம், ஆற அமரப் பார்த்தால் சொந்தத்துக்குள் நடந்தது என்றாகிவிட்டது.

பெயர்க் குழப்பம் இதோடு போகவில்லை. பெரிய ரோஜா நிறப் பூவுக்கு 1825-ல் லிண்ட்லி என்பவர் கிராண்டிஃப்ளோரா என்று பெயர் வைத்தார். பெரிய பூ என்று பொருள். அதே வருஷம் ஹெர்பர்ட் காரினாட்டா என்றார். அதற்கும் முன்னாலேயே மினூட்டா, அதாவது சின்னஞ்சிறியது, என்று வைத்த பெயர் ஒன்று உண்டு. அதுவே செல்லும் என்று வாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நர்ஸரிகளிலோ இந்தப் பூவைப் பெரும்பாலும் ரோஸியா என்றே விற்கிறார்கள். ரோஸியா கியூபா நாட்டைச் சேர்ந்த வேறொரு பூ, பார்வைக்குச் சிறியது. ஓலை நாலு இருந்தால் சபையார் என்ன செய்வார்கள்? எனக்குக் கிராண்டிஃப்ளோராதான் பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் பெயர்.

அடையாளம் காண விரும்புகிறவர்கள் பெயர்ச்சீட்டை விட்டுவிட்டுச் செடியைப் பார்ப்பது உத்தமம். இலை கோரைபோல் திரண்டு, பூ வெள்ளையாக இருந்தால் காண்டிடா. இலை தட்டையாக, பூ அகலமாக, ரோஜா நிறமாக இருந்தால் கிராண்டிஃப்ளோரா. மஞ்சள் பூ பெரும்பாலும் ஸிட்ரினா. நீண்ட குழலின்மேல் வெள்ளைப் பூ அந்தியில் விரிந்து மணந்தால் பழைய கூப்பரியா. நிமிராமல் சற்றே சாய்ந்து நின்று, மகரந்தத் தாள்கள் ஒன்றுக்கொன்று நீளம் மாறியிருந்தால் ஹாப்ராந்தஸ் வகை.

வளர்ப்பதில் வித்தை ஒன்றுமில்லை. வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, கிழங்கை இரண்டங்குல ஆழத்தில் வைத்தால் போதும். சில வாரம் காயப் போட்டுப் பிறகு தாராளமாகத் தண்ணீர் விட்டாலும் பூக்கும். ஆனாலும் வானத்துத் தண்ணீருக்குப் பூக்கிற மாதிரி குடத்துத் தண்ணீருக்குப் பூப்பதில்லை. கிழங்கு வெங்காயம் மாதிரி இருக்கிறதே என்று யாரும் ருசி பார்த்துவிட வேண்டாம், வாந்தி எடுக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை.

மெக்ஸிகோவிலிருந்து வந்த இன்னொரு பூவும் நம்மிடம் இருக்கிறது. நிலச்சம்பங்கி. அதை ஏக்கர் கணக்கில் பயிரிட்டு, எடை போட்டு விற்று, மாலை கட்டி, சுவாமிக்கும் சாத்துகிறோம். அதற்குச் சந்தை உண்டு, தரகு உண்டு, கணக்கு நோட்டு உண்டு. மழை லில்லிக்கு இதெல்லாம் இல்லை. மறுநாள் வாடும் பூவை எந்த வியாபாரி கூடையில் ஏற்றுவான்? காசு கைமாறாமலே அது ஊர் ஊராக நடந்திருக்கிறது. பெரிய ரோஜா நிறப் பூ நம் பக்கத்தில் பெரும்பாலும் விதை கட்டுவதும் இல்லை. கிழங்கு பிளந்து பெருகுவதுதான். ஆகவே ஒரு தெருவில் பத்து வாசலில் அது பூத்தால், பத்தும் ஒரே செடியின் துண்டுகளாக இருக்கக்கூடும். அந்தத் துண்டுகளைப் பிரித்துக் கொடுத்தவர்கள் ஹெர்பர்ட்டும் அல்ல, கேரியும் அல்ல. "அக்கா, இந்தச் செடியில் எனக்கும் ரெண்டு கிழங்கு கொடேன்" என்று கேட்டவளும், களைக்கொட்டால் நோண்டி, மண்ணோடு வாழையிலைச் சருகில் சுற்றிக் கொடுத்தவளுந்தான்.