பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கூப்பிட்டவர் கடன் கொடுத்தவராக இருப்பார். ஆனால் தன் பெயரைச் சொல்லித் தன்னிடமே விசாரித்தால், "அப்படி யாரும் இங்கே இல்லையே!" என்று உண்மையாகவே கையை விரிக்கிற ஆசாமி உண்டா? உண்டு. அமெரிக்காவிலே, 1997-ஆம் வருஷம் நவம்பர் மாதத்திலே, மூன்று பேர் இருந்தார்கள்.

மூவரும் மனிதர்கள் அல்ல. இணையத்தில் நாம் கேட்பதைத் தேடித் தருகிற தேடுபொறிகள். அப்போது கொடிகட்டிப் பறந்த நான்கு வியாபாரத் தேடுபொறிகளில், சொந்தப் பெயரைக் கொடுத்தால் முதல் பத்து விடைகளுக்குள் தன்னைக் காட்டத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த வேடிக்கையை 1998-இல் ஒரு கட்டுரையில் எழுதி வைத்தவர்கள் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும். அதே வருஷம் செப்டம்பரில் அவர்கள் ஆரம்பித்த கம்பெனிதான் கூகுள்.

பழைய தேடுபொறிகளை அசடுகள் என்று நினைத்துவிடக் கூடாது. 1995 டிசம்பரில் வெளிவந்த ஆல்டாவிஸ்டா, பக்கங்களில் உள்ள சொல் ஒவ்வொன்றுக்கும் அட்டவணை போட்டு வைத்தது. அதன் வேகத்தைக் கண்டு உலகம் வாயைப் பிளந்தது. சங்கடம் என்னவென்றால், ஒரு பக்கம் எதைப் பற்றியது என்பதற்கு அந்தப் பக்கத்தின் சொந்த வாக்குமூலத்தையே அது பெரிதும் நம்பியது. விடுவார்களா வியாபாரிகள்? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, மனிதர் கண்ணுக்குப் படாதபடி, வேண்டிய சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்தார்கள். நன்னடத்தைப் பத்திரத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்றால் நம்மில் எத்தனை பேர் அடக்கமாக எழுதுவோம்? என் முதல் நாவலின் பின்னட்டைக் குறிப்பை எழுதியவன் நானேதான். இப்போது அதைப் படிக்கக் கூசுகிறது.

1994-இல் தோன்றிய யாஹூ, ஆட்களை வைத்துப் பக்கங்களைப் பார்வையிட்டுத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டது. யோக்கியமான முறைதான். பக்கங்கள் பெருகிய வேகத்துக்கு ஆட்களின் கை ஈடுகொடுக்கவில்லை.

ஸ்டான்போர்டு மாணவர்கள் செய்தது, நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறபோது செய்கிற காரியம். பிள்ளை வீட்டாரைக் கேட்டால் பையன் தங்கக் கம்பி என்பார்கள். ஆகவே அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். அதிலும் திண்ணைப் பேர்வழி சொல்வதற்கு ஒரு மதிப்பு. ஊரே மதிக்கிற தலைமையாசிரியர் சொல்வதற்கு வேறு மதிப்பு. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரும் இணைப்பை அவர்கள் சிபாரிசாகக் கொண்டார்கள். சிபாரிசு செய்கிறவருக்கே எவ்வளவு சிபாரிசு இருக்கிறதோ அவ்வளவு கனம் அவர் வாக்குக்கு. எல்லோரையும் சிபாரிசு செய்கிற தாராள மனசுக்காரரின் வாக்கோ துண்டு துண்டாகப் பங்கு போடப்பட்டது. அதோடு, இணைப்பின் மேல் பிறர் எழுதிய சொற்களை, எந்தப் பக்கத்தைக் காட்டுகிறதோ அந்தப் பக்கத்தின் அடையாளமாகவும் சேர்த்துக்கொண்டார்கள். ஊரார் கூப்பிடுகிற பெயர்தானே பெயர்!

பணம் சும்மா இருக்குமா? 1998-இல் பில் கிராஸ் என்பவர் 'கோடூ' என்ற தேடுபொறியைத் தொடங்கி, விடைகளில் முதலிடத்தை ஏலம் விட்டார். அந்த மனிதரிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தேடுபொறி விளம்பரக்காரர் பக்கமே சாயும் என்று தங்கள் 1998 கட்டுரையில் எச்சரித்திருந்தார்கள் அந்த மாணவர்கள். 2000-இல் அவர்கள் கம்பெனியும் விளம்பரம் விற்க ஆரம்பித்தது; விடைகளோடு கலக்காமல் தனியாகக் காட்டியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு சிபாரிசும் கடைச் சரக்காயிற்று. கூலிக்கு இணைப்புத் தரும் பக்கங்கள் காளான்போல் முளைத்தன. கூகுள் களையக் களைய அவை வேறு வேஷத்தில் வந்தன. ஆல்டாவிஸ்டா கைமாறிக் கைமாறி யாஹூவிடம் போய்ச் சேர்ந்து, 2013 ஜூலையில் கண்ணை மூடியது.

கதை எழுதுகிறவனுக்குப் பிடித்த கட்டம் 2010 டிசம்பரில் வருகிறது. மைக்ரோஸாப்ட் கம்பெனி 2009-இல் கொண்டுவந்த 'பிங்' தன்னைப் பார்த்து எழுதுகிறது என்று கூகுளுக்குச் சந்தேகம். வாயில் நுழையாத நூறு போலிச் சொற்களை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் சம்பந்தமில்லாத ஒரு பக்கத்தைக் கையாலேயே விடையாக ஒட்டியது. சுமார் இருபது இஞ்சினீயர்கள் வீட்டுக்குப் போய், மைக்ரோஸாப்டின் உலாவியில் கூகுளைத் திறந்து, அந்தச் சொற்களைத் தேடி, பொய் விடைகளைச் சொடுக்கினார்கள். சில வாரங்களில், நூற்றில் ஏழெட்டுச் சொற்களுக்குப் பிங்கும் அதே பொய் விடைகளைச் சொல்லிற்று. 2011 பிப்ரவரியில் விஷயம் அம்பலத்துக்கு வந்தது. "எங்கள் வாடிக்கைக்காரர்கள் சம்மதித்து, எதைச் சொடுக்குகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிவிக்கிறார்கள், பல அடையாளங்களில் அதுவும் ஒன்று" என்பதுதான் மைக்ரோஸாப்டின் சமாதானம். திருட்டா, படிப்பா? பரீட்சை ஹாலில் இருந்தால் நான் திருட்டு என்றே தீர்ப்புச் சொல்லியிருப்பேன். ஆனால் சொடுக்குகிற விரல் யாருடையது? நம்முடையது. எந்த விடையைத் தொட்டோம், எதை ஒதுக்கினோம் என்பதிலிருந்துதான் தேடுபொறி பாடம் கற்கிறது. ஆகவே கூட்டம் அதிகமுள்ள கடையே மேலும் கெட்டிக்காரக் கடை ஆகிறது. எதிர்க்கடைக்காரர் எவ்வளவு புத்திசாலியாக இருந்தும் பாடம் சொல்ல ஆள் வரவில்லை.

கூட்டத்தை எப்படிக் கூட்டினார்கள் என்பதை அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தம் தீர்ப்பில் எழுதினார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் கேட்காமலே தான் வந்து நிற்பதற்காக, 2021-இல் மட்டும் கூகுள் 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்பது தீர்ப்பு. 2025 செப்டம்பரில், தேடல் விவரங்களில் ஒரு பகுதியைப் போட்டியாளருக்கும் தர வேண்டுமென்று உத்தரவிட்டார்.

ஐரோப்பாவில் இதே மாதிரி வேறொரு வழக்கு. 2021 செப்டம்பரில் லக்ஸம்பர்க் நீதிமன்றத்தில் கூகுளின் வக்கீல் எழுந்தார். தம் கட்சிக்காரரை ஜனங்கள் விரும்பித்தான் நாடுகிறார்கள் என்று காட்ட வேண்டும். பிங்கில் ஜனங்கள் மிக அதிகமாகத் தேடுகிற சொல் எது என்பதற்குச் சாட்சியம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அந்தச் சொல், 'கூகுள்'. இந்தத் தடவை பெயர் சொன்னதும் சரியான ஆசாமியே கிடைத்துவிட்டார்.