பக்கத்துல இருக்கறது ஆளா, ஸ்க்ரல்லா? மார்வெல் கதைகளின் பச்சை நிற வேற்றுக்கிரகவாசிகள் யார்?

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்க. குழந்தைகள் பனியன் குவியலில் ஸ்பைடர்மேன் இருப்பார், அயர்ன்மேன் இருப்பார், கேப்டன் அமெரிக்காவின் கேடயம் இருக்கும். ஹல்க்கின் பச்சை முகமும் கிடைக்கும். ஆனா அதே பச்சை நிறத்தில் கூர்மையான காதும், வரிவரியாக மடிப்பு விழுந்த தாடையும் கொண்ட இன்னொரு முகத்தைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். 60 வருஷத்துக்கு மேலாக மார்வெல் ஹீரோக்களுக்குத் தூக்கம் வராமல் செய்த முகம் அது. அவர்கள் பெயர் ஸ்க்ரல்கள்.

இவர்களைப் பனியனில் போடாததற்கு ஒரு காரணம் சொல்லலாம். ஸ்க்ரல்லின் வேலையே தன் முகத்தைக் காட்டாமல் இருப்பதுதான். ஸ்பைடர்மேன் படம் போட்ட பனியனில் இருப்பது ஸ்பைடர்மேன்தான் என்று எப்படிச் சொல்வீங்க?

(கவனிக்க: கீழே படங்கள், தொடர்களின் கதை முடிச்சுகள் வருகின்றன.)

ஸ்க்ரல்கள் யார்?

மார்வெல் காமிக்ஸில் வரும், ஊர்வன வகையிலிருந்து பரிணாமம் பெற்ற வேற்றுக்கிரக இனம். நமக்குக் குரங்கு வழி என்றால், அவர்களுக்குப் பல்லி வழி என்று வைத்துக்கொள்ளலாம். பச்சைத் தோல், கூர்காது, மடிப்புத் தாடை இதெல்லாம் அடையாளம். இவர்களின் பேரரசு இருப்பது ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தில். இந்த மண்டலம் கற்பனை இல்லை. நிஜமாகவே நம்மிடமிருந்து சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில், நிலா இல்லாத இரவில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும்.

இவர்களின் தனித் திறமை உருமாற்றம். எந்த மனிதராகவும், மிருகமாகவும், ஏன் ஒரு பொருளாகவும்கூட மாற முடியும். செத்தால் மட்டும் பழைய பச்சை உருவம் திரும்பிவிடும்.

இது நமக்குப் புதுசா என்ன? மாரீசன் பொன்மானாக வந்தான். இந்திரன் கௌதம முனிவர் வேஷத்தில் வந்தான். 1979-ல் வந்த 'நீயா?' படத்தில் ஸ்ரீபிரியாவின் பாம்பு வேறு வேறு உருவம் எடுத்துப் பழிவாங்கியது. ஊர்வன இனம், மனித உருவம், பகை. கிட்டத்தட்ட ஸ்க்ரல் கதைதான். ஆனா 'கூடு விட்டுக் கூடு பாய்தல்' என்று நாம் சொல்வது வேறு. அதில் உயிர் இன்னொரு உடம்புக்குள் போகும். ஸ்க்ரல் தன் சொந்த உடம்பையே இன்னொருவர் மாதிரி மாற்றிக்கொள்ளும். அசல் ஆள் எங்கேயோ ஒரு விண்கலத்தில் அடைபட்டுக் கிடப்பார். அவர் வீட்டில் ஸ்க்ரல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் எப்போ வந்தாங்க?

1962 ஜனவரி தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாவது இதழில். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜாக் கிர்பி. அது பனிப்போர்க் காலம். பக்கத்து வீட்டுக்காரர் எதிரி நாட்டு உளவாளியாக இருப்பாரோ என்ற பயம் அமெரிக்காவில் இருந்த நேரம். அந்தப் பயத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தால் ஸ்க்ரல்.

கதை இதுதான். நான்கு ஸ்க்ரல்கள், ஃபென்டாஸ்டிக் ஃபோர் நால்வரின் உருவத்தில் திருட்டும் நாசவேலையும் செய்கின்றன. பழி அசல் ஹீரோக்கள் மேல் விழுகிறது. ராணுவமே அவர்களைத் தேடுகிறது. கடைசியில் ஹீரோக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'நாங்கள்தான் ஹீரோ வேஷம் போட்ட ஸ்க்ரல்கள்' என்று சொல்லிக்கொண்டு ஸ்க்ரல் தாய்க்கப்பலுக்கே போனார்கள். பூமியில் எவ்வளவு பயங்கரமான ராட்சதர்கள் இருக்கிறார்கள் பாருங்கள் என்று படங்களைக் காட்டினார்கள். அதெல்லாம் அதே கம்பெனி வெளியிட்ட மற்ற காமிக்ஸ் புத்தகங்களிலிருந்து கத்தரித்த படங்கள்! ஸ்க்ரல் தளபதி பயந்துபோய்க் கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பூமியில் மிச்சமிருந்த மூன்று ஸ்க்ரல்களை மாடுகளாக மாறச் சொல்லி, தாங்கள் மாடுகள் என்றே நம்பும்படி மனோவசியம் செய்துவிட்டார்கள். இந்த மாடுகளை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

அடுத்த வருஷமே, 18-வது இதழில், நான்கு ஹீரோக்களின் சக்தியும் ஒரே உடம்பில் கொண்ட 'சூப்பர் ஸ்க்ரல்' வந்தது.

வில்லனாகவே பிறந்தவர்களா?

இல்லை. இந்த இடம்தான் பலருக்குத் தெரியாது. 1970-களில் எழுதப்பட்ட பூர்வக் கதைப்படி ஸ்க்ரல்கள் ஆரம்பத்தில் வியாபாரிகள். கிரகம் கிரகமாகப் போய்ச் சரக்கும் தொழில்நுட்பமும் பரிமாறிக்கொண்ட, சண்டைக்குப் போகாத ஆட்கள். போன இடத்தில் அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே உருவம் மாற்றிக்கொள்வது, எதிராளி பயப்படாமல் பேரம் பேச வசதி. ஏற்றுமதித் தொழில் செய்யும் ஊருக்கு இது புரியும். வெளிநாட்டு பையர் வந்தால் அவர் பாஷையில்தானே பேசுகிறோம்?

அப்படி ஹாலா என்ற கிரகத்துக்கு ஸ்க்ரல் பேரரசர் டோரெக் போனார். அங்கே இரண்டு இனங்கள். ஒன்று மனிதர் மாதிரி இருந்த க்ரீ. இன்னொன்று செடி வடிவில் இருந்த கொடாட்டி. இருவரில் தகுதியானவருக்கே தொழில்நுட்பம் என்று போட்டி வைத்தார். ஒவ்வொரு இனத்திலும் 17 பேரைத் தனித்தனி இடத்தில் ஒரு வருஷம் விட்டார்கள். க்ரீக்கள் நம் நிலாவில் ஒரு பிரம்மாண்ட நகரம் கட்டினார்கள். கொடாட்டிகள் வெறும் பாறையில் ஒரு தோட்டம் வளர்த்தார்கள்.

பரிசு தோட்டத்துக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும் க்ரீக்கள் கொடாட்டிகளைக் கொன்றார்கள். டோரெக்கையும் அவருடன் வந்தவர்களையும் கொன்றார்கள். அவர்கள் வந்த கப்பலையே பிடுங்கி, அதைப் பார்த்துத் தொழில்நுட்பம் கற்று, ஸ்க்ரல்கள் மேலேயே படையெடுத்தார்கள். வியாபாரிகள் ஆயுதம் எடுத்தது அதற்குப் பிறகு. அதன் தொடர்ச்சிதான் 1971-72-ல் 'அவெஞ்சர்ஸ்' இதழ்களில் ராய் தாமஸ் எழுதிய புகழ்பெற்ற க்ரீ-ஸ்க்ரல் போர். இரண்டு பேரரசுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது பூமி.

1983-ல் இன்னொரு அடி. கிரகங்களைத் தின்னும் கேலக்டஸ், ஸ்க்ரல்களின் தலைமைக் கிரகத்தையே விழுங்கிவிட்டான். ஒரே இதழில் ஒரு இனமே நாடில்லாத கூட்டமாகிவிட்டது.

'சீக்ரெட் இன்வேஷன்' என்றால் என்ன?

நாடு போன ஸ்க்ரல்களுக்கு பூமிதான் தங்களுக்கு விதிக்கப்பட்ட வீடு என்ற நம்பிக்கை வருகிறது. 2008-ல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி, லெய்னில் யூ வரைந்த 8 இதழ் தொடர் இது. அதற்கு முந்தின வருஷமே எலெக்ட்ரா சண்டையில் செத்து விழுந்தபோது பச்சை உடம்பு தெரிந்தது. அதிலிருந்து ஆரம்பித்தது சந்தேகம். டீமில் வேறு யாரெல்லாம்? ஸ்பைடர் வுமனாகப் பழகியவர் ஸ்க்ரல் ராணி வெராங்கே என்று கடைசியில் தெரிகிறது.

புதுசாக வந்த இந்த ஸ்க்ரல்களை வுல்வரினின் மோப்பத்தாலும் கண்டுபிடிக்க முடியாது, மனதைப் படிப்பவர்களாலும் முடியாது. அதனால் ஹீரோக்கள் ஒருவரை ஒருவர் நம்ப மறுக்கிறார்கள். பாதித் தோல்வி அங்கேயே வந்துவிட்டது. கடைசிச் சண்டையில் ராணியைச் சுட்டது யார்? ஸ்பைடர்மேனின் பரம எதிரி நார்மன் ஆஸ்பார்ன். டிவியில் அதைப் பார்த்த மக்களுக்கு அவர் ஹீரோ. நாட்டின் பாதுகாப்பையே அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்க்ரல்களால் பிடிக்க முடியாத இடத்தை, ஸ்க்ரல் பயம் ஒரு கொலைகாரனுக்கு வாங்கிக் கொடுத்தது. இந்தத் தொடரில் சண்டைக் காட்சிகள் கொஞ்சம் ஜவ்வு. ஆனா இந்த முடிவுக்காகவே படிக்கலாம்.

படங்களில் ஏன் நல்லவர்களாகக் காட்டினார்கள்?

2019 மார்ச் 8-ல் வந்த 'கேப்டன் மார்வெல்' காமிக்ஸ் ரசிகர்களையே ஏமாற்றியது. முதல் பாதியில் ஸ்க்ரல்கள் வில்லன்கள். பாதிக்கு மேல் பார்த்தால், க்ரீக்கள் துரத்த, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒளிந்து வாழும் அகதிகள். அவர்களின் தலைவர் டாலோஸாக நடித்தவர் பென் மெண்டல்சன்.

2023 ஜூன் 21-ல் ஓடிடியில் தொடங்கிய 'சீக்ரெட் இன்வேஷன்' தொடர், மொத்தம் 6 எபிசோட், இதே இழையை எடுத்துக்கொண்டது. நிக் ஃப்யூரி ஸ்க்ரல்களுக்குப் புது வீடு தேடித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது நடக்கவே இல்லை. பொறுமை இழந்த இளைஞன் கிராவிக் பூமியையே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். முடிவில் அமெரிக்க அதிபர், வேற்றுக்கிரகத்தில் பிறந்த எல்லாருமே எதிரிகள் என்று அறிவிக்கிறார். ஆளாளுக்குத் துப்பாக்கியை எடுக்கிறார்கள். ஸ்க்ரல் என்று சந்தேகப்பட்டு மனிதர்களையும் சுடுகிறார்கள். தொடருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. டைட்டில் காட்சியை ஏஐ கொண்டு செய்ததற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. ஆனா கடைசி ஐந்து நிமிஷம் சும்மா எழுதப்பட்டது இல்லை.

திருப்பூருக்கு இதில் என்ன?

2023 மார்ச் மாதம் ஞாபகம் இருக்கா? அந்தத் தொடர் வருவதற்கு மூன்று மாதம் முன்னால். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. திருப்பூர், கோவை பெயர்கள்தான் அதில் அதிகம் அடிபட்டன. பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த வடமாநிலத் தொழிலாளர்களுக்கு ஊரிலிருந்து அம்மாவும் மனைவியும் அழுதுகொண்டே போன் செய்தார்கள். ஹோலி நேரம் வேறு. ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்தது. அதில் பண்டிகைக்குப் போனவர் யார், பயந்து போனவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை.

வீடியோக்கள் பொய்யானவை என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அறிவித்தார். வேறு ஊரில், வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களின் காட்சிகள் அவை. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கு வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசினார்கள். வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பதிவாயின.

யோசித்துப் பாருங்க. அங்கே வேஷம் போட்டு வந்தது ஆள் இல்லை, வீடியோ. எங்கேயோ நடந்த அடிதடி, திருப்பூர் என்ற முகத்தை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. ஓவர்லாக் மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த இரண்டு பேர், சில நாள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். காமிக்ஸில் செத்தால்தான் ஸ்க்ரல்லின் நிஜ உருவம் தெரியும். வீடியோவுக்கு அவ்வளவு தேவையில்லை. எப்போ எடுத்தது, எங்கே எடுத்தது என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

சரி, ஸ்க்ரல் படம் போட்டு பனியன் அடிக்கலாமா?

பிரிண்டிங் வைத்திருக்கும் பல பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது. நெட்டில் படம் கிடைக்குது, ஸ்கிரீன் போட்டால் முடிஞ்சுது, நாலு கலர்தானே என்று. முடியாது. மார்வெல் 2009 முதல் டிஸ்னியின் கையில் இருக்கிறது. ஹீரோ ஆனாலும் வில்லன் ஆனாலும், வரைந்த பாத்திரம் அவர்கள் உரிமை. உரிமம் வாங்கிய பிராண்டு ஆர்டர் கொடுத்து, டிசைனுக்கு ஒப்புதல் வந்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

அனுமதி இல்லாமல் அடித்தால் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-வது பிரிவுப்படி 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இந்தக் குற்றத்துக்கு போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமம் உள்ள ஆர்டரில் மிஞ்சிய சரக்கையும் கடைக்குத் தள்ளும் முன் ஒப்பந்தத்தைப் படிப்பது நல்லது. பொதுவாக, பிராண்டின் எழுத்து அனுமதி இல்லாமல் அதை வெளியே விற்க முடியாது. பச்சைத் தோலும் கூர்காதும் கொண்ட, சொந்தமாக வரைந்த ஒரு பூதத்தை அடிக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை.

அந்த மூன்று மாடுகள் என்ன ஆயின?

மறந்திருப்பீங்க என்று நினைத்தோம். எழுத்தாளர்கள் மறக்கவில்லை. 1983-ல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஆண்டு மலரில் ஜான் பைர்ன் அந்த மாடுகளின் பாலைக் கறந்துவிட்டார். பாலைக் குடித்த ஒரு ஊரே உருமாறத் தொடங்கியது. 1995-ல் கிராண்ட் மாரிசனும் மார்க் மில்லரும் எழுதிய 'ஸ்க்ரல் கில் க்ரூ' தொடரில் மாடுகள் கறிக்கடைக்குப் போய், பர்கராகி, சாப்பிட்டவர்களுக்கு உருமாறும் சக்தி வந்தது. அவர்கள் அந்தச் சக்தியை வைத்து ஊருக்குள் ஒளிந்திருந்த ஸ்க்ரல்களையே வேட்டையாடக் கிளம்பினார்கள்.