கல்கத்தாவின் ஒரு கடிதமும் காவல் நிலையக் கேமராவும்

சுழன்றும் சாய்ந்தும் தொலைவை அருகாக்கியும் காட்டும் கண்காணிப்புக் கேமராக்களின் வரலாற்றைக் குற்றத் தடுப்பின் வரலாறாக எழுதுவதே வழக்கம். காவலரை நோக்கித் திருப்பப்பட்ட கேமராவுக்கும் இந்தியாவில் ஒரு வரலாறு உண்டு. அதன் தொடக்கம் கல்கத்தா.

மேற்கு வங்கச் சட்ட உதவிச் சேவை அமைப்பின் செயல் தலைவர் டி.கே. பாசு, கொட்டடி மரணங்கள் குறித்த நாளேட்டுச் செய்திகளைச் சுட்டி, 1986 ஆகஸ்ட் 26 அன்று இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் ரிட் மனுவாக ஏற்கப்பட்டது. 1996 டிசம்பர் 18ஆம் நாள் தீர்ப்பு, கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை முதலிய 11 நெறிகளை வகுத்தது. அவை பெரும்பாலும் காவலரே எழுதும் ஆவணங்கள். அதே வழக்கில் 2015 ஜூலை 24 அன்று, சிறைகள் அனைத்திலும் கேமரா பொருத்தவும், காவல் நிலையங்களில் பொருத்துவதைப் பரிசீலிக்கவும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கருவி மட்டும் போதாது என்பதைத் தமிழகம் 2020 ஜூனில் கண்டது. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. பதிவுகள் நாள்தோறும் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவரின் அறிக்கை வெளிப்படுத்தியது. அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஒலியுடன் கூடிய பதிவை 18 மாதங்கள், இயலாவிடில் ஓராண்டேனும், காக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது.

கேமராவின் துல்லியம் ஆண்டுதோறும் கூடுகிறது. வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள் பழையவையே: அதைத் திருப்புபவர் யார்? பதிவை அழிக்கும் அதிகாரம் எவரிடம்?